கணக்கு உதைக்கிறதா? வீட்டை நாள் வாடகைக்கு விடுபவர் விருந்தினரை அலசிப் பார்க்கும் வழி

நான்கு படுக்கையறை வீடு. சனிக்கிழமை, ஒரே ஓர் இரவு. வருவது 2 பேர். பதிவு செய்தவர் அதே ஊர்க்காரர். புக்கிங் வந்தது அன்றைக்கு மதியம் 2 மணிக்கு. காலியாகக் கிடக்கிற இரவுதானே, வந்தவரை சரி என்று ஏற்றுக்கொண்டேன். இரவு 11 மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டபோது உள்ளே 17 பேர் இருந்தார்கள்.

பிறகு உட்கார்ந்து யோசித்தால், அந்த ஆள் மறைத்தது தலை எண்ணிக்கை ஒன்றைத்தான். மற்றதெல்லாம் என் திரையிலேயே இருந்தது. 2 பேருக்கு எதற்கு நான்கு அறை? வீடு இருக்கிற ஊரிலேயே ஒருவருக்கு எதற்கு ஓர் இரவு வாடகை வீடு? கணக்கு உதைத்தது, நான் கூட்டிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு புக்கிங்கையும் சின்னக் கணக்காகப் பார்க்கப் பழகினேன். யார் பதிவு செய்கிறார், எத்தனை பேர், எத்தனை இரவு, எங்கிருந்து, எதற்காக. இந்த ஐந்தும் ஒன்றோடொன்றும் என் வீட்டோடும் பொருந்தினால் மேற்கொண்டு துருவுவதில்லை. உதைத்தால் கேட்கிறேன். கேட்ட பிறகும் உதைத்தால் விட்டுவிடுகிறேன். கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வேலையைச் சிரமமில்லாமல் செய்வதற்கான ஏற்பாடுதான்.

படி 1: அளவுகோலை முன்பே எழுதி வையுங்கள்

கோரிக்கை வந்த பிறகு அளவுகோலைத் தேடினால் மனம் கைக்கெட்டியதைப் பிடித்துக்கொள்ளும். கைக்கெட்டுவது பெயரும் படமும்தான். ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் அமெரிக்காவில், வீடுகளை நாள் வாடகைக்குப் பதிவு செய்ய உதவும் ஏர்பிஎன்பி தளத்தின் ஹோஸ்ட்களுக்கு, அதாவது வீட்டை விடுபவர்களுக்கு, ஒரே மாதிரிக் கோரிக்கைகளைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பினத்தவர் பெயர்போலத் தோன்றியவற்றை ஹோஸ்ட்கள் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு சுமார் 16 சதவீதம் குறைவாக இருந்தது. 2017இல் இது ஆய்விதழில் வெளியானது. அதற்கு முன்பே எழுந்த விமர்சனங்களையடுத்து 2016இல் ஏர்பிஎன்பி பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையைக் கொண்டுவந்தது. 2018இலிருந்து, ஹோஸ்ட் ஏற்றுக்கொண்ட பிறகுதான் விருந்தினரின் படம் அவருக்குத் தெரியும் என்று மாற்றியது.

இனம், மதம், பிறந்த நாடு, பாலினம், உடல் குறைபாடு போன்றவற்றை வைத்து மறுப்பது தளங்களின் விதிக்கு எதிரானது, பல நாடுகளில் சட்டத்துக்கும் எதிரானது. நியாயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வழி வேலைக்கு ஆகாது. என் வீட்டில் 17 பேரை இறக்கியவரின் படத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிருப்பீர்கள்.

எனவே ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டின் பலவீனங்களை எழுதுங்கள். சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கிறதா? ஒரே ஒரு காருக்குத்தான் இடமா? மாடிப்படி செங்குத்தானதா? நீச்சல் குளத்துக்கு வேலி இல்லையா? ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்த மாதிரித் தங்கல் இந்த வீட்டுக்கு ஒத்துவராது, அதை அறிய என்ன கேட்பேன் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒட்டுச் சுவர் என்றால் இரவு நெடுநேரம் கூடிப் பேசும் பெரிய குழு ஒத்துவராது. ஒரு கார்தான் நிற்கும் என்றால் எத்தனை வண்டி என்று கேட்க வேண்டும். அரைப் பக்கம் போதும். கேள்விகள் எல்லாம் வீட்டிலிருந்து பிறப்பதால், எவர் வந்தாலும் ஒரே கேள்வி, ஒரே அளவு.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை. வேலியில்லாத குளம், கைப்பிடி இல்லாத மாடி என்றால் அதை விளம்பரத்தில் பளிச்சென்று சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டும் வரலாமா என்று முடிவெடுக்க வேண்டியது பெற்றோர். அதேபோல, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாய் போன்ற உதவி விலங்குகள் வளர்ப்புப் பிராணிக் கணக்கில் வராது. "பிராணிகளுக்கு அனுமதி இல்லை" என்ற விதியை அவற்றுக்குக் காட்ட முடியாது. ஏர்பிஎன்பியில் அவற்றுக்குத் தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது.

படி 2: தளத்தின் அமைப்புகளை ஒரு முறை உட்கார்ந்து சரிசெய்யுங்கள்

வடிகட்டும் வேலையில் பெரும்பங்கு, யாரும் உங்களுக்கு எழுதுவதற்கு முன்பே முடிந்துவிடும். எனக்கு இது புரியவே ஒரு வருடம் ஆயிற்று. ஒவ்வொரு செய்தியையும் துப்பறிவாளர்போல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் இரண்டு அமைப்புகளை மாற்றியதும் தொந்தரவான கோரிக்கைகள் பெருமளவு நின்றுவிட்டன.

முதலாவது, வார இறுதிக்குக் குறைந்தபட்சம் 2 இரவு என்ற நிபந்தனை. கொண்டாட்டத்துக்கு வீடு தேடுகிறவருக்கு வேண்டியது ஓர் இரவு. இரண்டாவது இரவுக்கும் பணம் கட்டச் சொன்னால் வேறு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார். இரண்டாவது, அதே நாள் புக்கிங்கை மூடுவது. குறைந்தது ஒரு நாள் முன்னறிவிப்பு என்று வைத்தால் கேள்வி கேட்கவும் பதிலை யோசிக்கவும் நேரம் கிடைக்கும். இதனால் சில இரவுகள் காலியாகக் கிடக்கும், உண்மைதான். அந்த நஷ்டத்தை ஒரு முறை கதவு உடைந்த செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உடனடி புக்கிங் வேண்டுமா, கோரிக்கை முறை வேண்டுமா என்ற கேள்வி. கோரிக்கை முறையில் ஏர்பிஎன்பியும் அதே மாதிரித் தளமான வர்போவும் பதில் சொல்ல 24 மணி நேரம் தருகின்றன. உடனடி முறையில் விருந்தினர் நேராகப் பதிவு செய்துவிடுவார். ஆனாலும் ஏர்பிஎன்பியில், முந்தைய தங்கல்களில் நல்ல பெயர் எடுத்தவருக்கு மட்டும் உடனடி புக்கிங், மற்றவர் கோரிக்கை அனுப்பட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். புக்கிங் டாட் காமில் பெரும்பாலும் பதிவு உடனே உறுதியாகிவிடும், அலசுவது அதற்குப் பிறகுதான் நடக்கும். அங்கே முதல் செய்தியும் சேதத்துக்கான டெபாசிட் நிபந்தனையும்தான் உங்கள் கருவிகள்.

ஆள் எண்ணிக்கையை உள்ளபடி போடுங்கள். சோபாவையும் தரையில் விரிக்கும் மெத்தையையும் கூட்டி 6 பேர் தங்கும் வீட்டை 10 பேர் வீடு என்று போட்டுவிட்டு, கூட்டம் வருகிறது என்று புலம்பும் ஹோஸ்ட்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 3: விதிகளை எண்ணிக்கையோடு எழுதுங்கள்

"பார்ட்டி கூடாது" என்று எழுதினால் படிக்கிறவர் தன் நண்பர் கூடுகை பார்ட்டி இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். அளந்து பார்க்கக்கூடிய விதி வேண்டும். நான் வைத்திருப்பது இது:

"பதிவில் உள்ளவர்கள் மட்டுமே வீட்டில் இருக்கலாம். பார்க்க வருபவர்கள் இருந்தால் முன்பே செய்தி அனுப்பிக் கேளுங்கள். இரவு 10 மணிக்கு மேல் மொட்டை மாடியிலும் வெளியிலும் சத்தம் கூடாது. வீட்டு வாசலில் வெளிப்புறக் கேமரா ஒன்று உள்ளது."

நான்கு வாக்கியம். கடைசி வாக்கியம் வெறும் தகவல்போல் இருந்தாலும், வேலை செய்வது அதுதான். வாசலில் கேமரா இருப்பதைப் படித்ததும், 2 என்று எழுதி 17 பேரைக் கூட்டிவர நினைத்தவர் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார். ஆனால் கேமராவை மறைத்து வைப்பது குற்றம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறக் கேமரா எங்கே இருக்கிறது என்பதைப் பதிவு செய்யும் முன்பே விருந்தினர் அறிய வேண்டும். வீட்டுக்குள் கேமராவே கூடாது என்று ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுக்கத் தடை செய்துவிட்டது. பேச்சைப் பதிவு செய்யாமல் ஒலி அளவை மட்டும் காட்டும் கருவியைக் கூடம் போன்ற பொது இடத்தில் வைக்கலாம், அதையும் சொல்லிவிட்டு.

பார்ட்டி விஷயத்தில் தளங்கள் கடுமையானதற்குப் பின்னால் ரத்தக் கறை உண்டு. 2019இல் கலிபோர்னியாவின் ஒரிண்டா நகரில் ஏர்பிஎன்பி வழியாக வாடகைக்கு எடுத்த வீட்டில் ஹாலோவீன் இரவுக் கூட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 5 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்டில் உலகம் முழுக்க பார்ட்டிகளுக்குத் தற்காலிகத் தடை போட்ட அந்த நிறுவனம், 2022 ஜூனில் அதை நிரந்தரமாக்கியது. ஆகவே நீங்கள் இந்த விதியை எழுதும்போது தளம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

படி 4: கோரிக்கையை எண்களாகப் படியுங்கள்

2022இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏர்பிஎன்பி ஒரு தானியங்கி முறையைக் கொண்டுவந்தது. பார்ட்டி அபாயம் உள்ள பதிவுகளை அது முன்கூட்டியே தடுக்கும். அது எதையெல்லாம் பார்க்கிறது என்று நிறுவனமே சொன்னது: முந்தைய ரிவ்யூக்கள் எப்படி, கணக்கு தொடங்கி எவ்வளவு நாள், எத்தனை இரவு, வீட்டுக்கும் விருந்தினரின் இருப்பிடத்துக்கும் எவ்வளவு தூரம், வார நாளா வார இறுதியா. கவனித்தீர்களா, ஆளின் பெயரோ முகமோ இந்தப் பட்டியலில் இல்லை. இதே ஐந்தை நீங்களும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். இயந்திரத்துக்குக் கிடைக்காத ஆறாவது ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. அது உங்கள் வீட்டைப் பற்றிய அறிவு.

தனியாக எடுத்தால் இவற்றில் எதுவும் குற்றமில்லை. புதுக் கணக்கா? எல்லோரும் ஒரு நாள் புதிதாகத்தான் வந்தோம். உள்ளூர்க்காரரா? வீட்டில் பழுது வேலை நடக்கலாம். கடைசி நேரமா? விமானம் ரத்தாகியிருக்கலாம். இரண்டு ஒன்றாக வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள். மூன்றோ நான்கோ சேர்ந்து வந்தால் பதில் திருப்தியாகும் வரை ஏற்காதீர்கள். என் 17 பேர் கதையில் நான்கு சேர்ந்திருந்தன: உள்ளூர், சனிக்கிழமை, ஓர் இரவு, அதே நாள். ஐந்தாவதாக அறைக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லை.

பொருத்தமின்மை எதிர்த் திசையிலும் வரும். 3 பேர் 12 இரவு தங்க இரண்டு படுக்கை உள்ள சின்ன வீட்டைக் கேட்டால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கு அந்த இடம் போதுமா என்று கேட்டுவிடுவது நல்லது. இடம் போதாமல் கோபத்தோடு கிளம்பும் நல்ல விருந்தினர் தரும் ரிவ்யூ, கெட்ட விருந்தினர் உடைக்கும் நாற்காலியைவிட அதிகச் செலவு வைக்கும். அலசுவது என்றால் திருடனைத் தேடுவது என்றே பலர் நினைக்கிறார்கள். எனக்கு வந்த தகராறுகளில் பாதிக்கு மேல் நல்ல மனிதர்கள் பொருந்தாத வீட்டுக்கு வந்ததால் வந்தவை.

படி 5: ரிவ்யூவில் சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

ஏர்பிஎன்பியில் ஹோஸ்ட்டும் விருந்தினரும் தங்கல் முடிந்து 14 நாளுக்குள் ரிவ்யூ எழுத வேண்டும். இருவரும் எழுதிய பிறகோ, அந்த 14 நாள் கடந்த பிறகோதான் அவை வெளியே தெரியும். பழிவாங்கப் பயந்து யாரும் பொய் சொல்லக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. இருந்தாலும் மனிதர்கள் மென்மையாகவே எழுதுகிறார்கள். "நல்ல மனிதர்" என்று எழுத யாருக்கும் கை கூசாது.

ஆகவே எழுதியதோடு எழுதாததையும் சேர்த்துப் படியுங்கள். விருந்தினரை ஹோஸ்ட் மதிப்பிடுவது மூன்று விஷயங்களில்: சுத்தம், விதிகளை மதித்தது, தகவல் தொடர்பு. மூன்று நான்கு ரிவ்யூக்களிலும் "பேசுவதற்கு இனிமையானவர், உடனே பதில் தருவார்" என்று மட்டும் இருந்து வீட்டை எப்படி விட்டுப் போனார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்றால், அந்த மௌனத்துக்குக் காரணம் இருக்கலாம். "ஹோட்டல் இவருக்கு இன்னும் வசதியாக இருக்கும்" என்று ஒரு ஹோஸ்ட் எழுதினால் என் வீட்டுக்கு மறுபடி வேண்டாம் என்று பொருள்.

இன்னொன்று, ரிவ்யூ எந்தத் தங்கலுக்கு? ஹோஸ்ட் பக்கத்து அறையில் இருக்கும் வீட்டில் ஒற்றை ஆளாக அடக்கமாக இருந்தவர், இப்போது 8 பேரோடு முழு வீட்டைக் கேட்கிறார். அந்த ஐந்து நட்சத்திரங்கள் அவருக்கு உரியவை, மற்ற 7 பேரைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை.

படி 6: செய்தி அனுப்புங்கள், பதிலைப் பொறுமையாகப் படியுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம். போலீஸ் விசாரணைபோல் பத்துக் கேள்வி அடுக்கினால் நல்லவர்கள் ஓடிவிடுவார்கள். பொய் சொல்ல வந்தவருக்குப் பத்துக்கும் பதில் தயாராக இருக்கும். நான் எல்லோருக்கும் அனுப்பும் செய்தி:

"வணக்கம், கேட்டதற்கு நன்றி. இந்த வீட்டின் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது, அதனால் இரவு 10 மணிக்கு மேல் அமைதியாக இருக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இது ஒத்துவருமா? என்ன காரியமாக வருகிறீர்கள், கூட வருபவர்கள் யார் யார், எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று சொன்னால் வீட்டை அதற்கேற்பத் தயார் செய்து வைப்பேன்."

முதலில் வீட்டின் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஒத்துவராதவர் அப்போதே நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ள இது வழி. அடுத்து, கேள்விக்குக் காரணம் தருகிறேன். "ஏன் கேட்கிறாய்" என்ற எரிச்சல் எழ இடமில்லை.

பதிலில் நான் பார்ப்பது, கேட்டதற்குச் சொன்னாரா என்பதை. உண்மையாக வருகிறவர் சாதாரணமாகச் சொல்வார்: "தங்கை பட்டமளிப்பு விழா, நானும் பெற்றோரும், ரயில் 4 மணிக்கு." விவரம் கொஞ்சம், ஆனால் கணக்கு சேர்கிறது. "சும்மா ரிலாக்ஸ் பண்ண" என்று மட்டும் வந்தால் மறுபடி ஒரு முறை கேட்பேன். கேட்ட மூன்றில் எதற்கும் பதில் சொல்லாமல், பெரிய ஸ்பீக்கர் இருக்கிறதா, பக்கத்து வீடுகள் எவ்வளவு தூரம், நீங்கள் அங்கேயே இருப்பீர்களா என்று திருப்பிக் கேட்டால் போதும், அவர் வருகிற காரியத்தைச் சொல்லிவிட்டார். விலை குறைக்கக் கேட்பது தவறில்லை, நாமும் கேட்போம். மறுத்த பிறகு மிரட்டலாகப் பேசினால் அந்த ஆள் வீட்டுக்குள் வந்த பிறகு எப்படிப் பேசுவார் என்று தெரிந்துவிடுகிறது.

அளவுக்கு மீறிய விவரமும் உறுத்தும். கேட்காமலேயே தன் வேலை, சம்பளம், குடும்பத்தின் நோய் வரலாறு எல்லாவற்றையும் மூன்று பத்தியில் கொட்டுகிறவர் வெறுமனே பேச்சுப் பிரியராகவும் இருக்கலாம். அங்கே ஒரு சின்னக் கேள்வி போட்டு, இரண்டாவது பதில் முதல் பதிலோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. மதம், சாதி, திருமணமானவரா, கர்ப்பமா, என்ன நோய். இவற்றில் எதுவும் வீட்டுச் சுவரோடு சம்பந்தப்பட்டதில்லை. பதில் தெரிந்தால் அதை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள் என்று பிறகு யாரும் சொல்லலாம்.

நான் சறுக்கிய இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன், எதிர்ப்பக்கச் சறுக்கல். 17 பேர் வந்து போன சூட்டில், உள்ளூர்க்காரர் ஒருவரின் ஓர் இரவுக் கோரிக்கையைக் கேள்வியே கேட்காமல் மறுத்துவிட்டேன். பிறகு அவரே எழுதினார்: வீட்டில் கரையான் மருந்து அடிக்கிறார்கள், வயதான அம்மாவை ஓர் இரவு வேறு இடத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அதற்குள் வேறு வீடு பிடித்துவிட்டார்.

படி 7: அடையாளமும் பணமும்

"அடையாளம் சரிபார்க்கப்பட்டது" என்ற குறியீடு சொல்வது, அந்தக் கணக்கின் சொந்தக்காரர் யார் என்று தளம் சோதித்தது என்பதை மட்டும். நல்லவர் என்று அது சொல்லவில்லை, கூட வருபவர்களைப் பற்றியும் சொல்லவில்லை. இன்னொருவருக்காகப் பதிவு செய்யும்போது அது அறவே பயனற்றது. "என் நண்பர் தங்குவார், நான் வரமாட்டேன்" என்றால் நண்பரே தன் கணக்கிலிருந்து பதிவு செய்யட்டும் என்று சொல்லிவிடுங்கள். சேதம் வந்தால் பொறுப்பு யாருடையது என்ற இழுபறி இருக்காது.

அடையாள அட்டை கேட்பதாக இருந்தால் விளம்பரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சில நாடுகளில் விருந்தினர் விவரத்தைப் பதிவு செய்வது உங்கள் சட்டக் கடமை. இத்தாலியில் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸின் இணைய வழியில் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்பெயினில் 2024 டிசம்பர் 2 முதல் விரிவான பதிவு முறை நடைமுறைக்கு வந்தது. உங்கள் இடத்து விதியை முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். வாங்கிய விவரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். போன் கேலரியில் அடுத்தவர் பாஸ்போர்ட் படங்கள் குவிந்து கிடப்பது நல்லதல்ல. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி, தேவைக்கு மேல் வாங்காதே, தேவை முடிந்தால் அழி என்கிறது. அந்த விதி பொருந்தாத நாட்டில் இருந்தாலும் அது நல்ல பழக்கம்.

பணத்தில் ஒரே விதி: தளத்தில் வந்த புக்கிங்கின் பணம் தளத்துக்கு வெளியே போகக் கூடாது. "கமிஷன் இல்லாமல் நேரடியாகத் தருகிறேன், உங்களுக்கும் லாபம்" என்று வரும் பேச்சு காதுக்கு இனிக்கும். வெளியே போனால் ஏர்பிஎன்பி தரும் 30 லட்சம் டாலர் வரையிலான சேதப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. செய்திப் பரிமாற்றம் சாட்சியாக நிற்காது, ரிவ்யூவும் இல்லை.

உங்கள் சொந்த வழியில் நேரடியாகப் பதிவு எடுப்பவரானால் கூடுதல் கவனம். பழைய மோசடி ஒன்று இன்னும் ஓடுகிறது. வாடகையைவிட அதிகத் தொகைக்குக் காசோலை அனுப்பி, "தவறாகப் போய்விட்டது, மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். நீங்கள் அனுப்பிய பிறகு காசோலை திரும்பி வரும். கணக்கில் வரவு தெரிவதும் பணம் உண்மையில் வந்து சேர்வதும் ஒன்றல்ல. முழுத் தொகையும் டெபாசிட்டும் சேர்ந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வந்து, பணம் செலுத்தியவர் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒத்துப்போன பிறகுதான் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணைத் தர வேண்டும். "விருந்தினர்" அனுப்பும் இணைப்புகளையும் திறக்காதீர்கள். "என் உடல்நலக் குறிப்பு இந்தக் கோப்பில் இருக்கிறது" என்று வருவது உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடும் வழியாக இருக்கக்கூடும்.

படி 8: நீண்ட தங்கல் வேறு கதை

ஒரு மாதத்தைத் தாண்டும் கோரிக்கையை மேலே சொன்ன வழியில் மட்டும் அலசினால் போதாது. பல இடங்களில் குறிப்பிட்ட நாளுக்கு மேல் தங்கினால் விருந்தினர் குடித்தனக்காரர் ஆகிவிடுவார். கலிபோர்னியாவில் அந்த எல்லை 30 நாள். அதன் பிறகு வெளியேற்ற நீதிமன்றம் போக வேண்டும். தனி ஒப்பந்தம், முந்தைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பு என்று குடி வைப்பவர் செய்வதையெல்லாம் செய்யுங்கள். 25 நாளுக்குப் பதிவு செய்து முடியும்போது "இன்னும் பத்து நாள்" என்று கேட்டால், தேதியை எண்ணிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

படி 9: மறுப்பது

வீட்டைக் காரணமாகச் சொல்லி, சுருக்கமாக, உண்மையாக. "8 பேர் மொட்டை மாடியில் இரவு கூட விரும்புவதாகச் சொன்னீர்கள். பக்கத்து வீடு ஒட்டியிருப்பதால் இங்கே அது முடியாது. உங்களுக்குப் பொருத்தமான வீடு கிடைக்க வாழ்த்துகள்." இவ்வளவு போதும். விளக்கம் நீளநீள வாக்குவாதமும் நீளும். பொய்க் காரணம் சொல்லாதீர்கள். "அந்தத் தேதியில் வேலை நடக்கிறது" என்று எழுதிவிட்டு அதே தேதியை வேறொருவருக்குத் திறந்து வைத்தால், மறுக்கப்பட்டவர் வேறு காரணத்தைத் தேடுவார். தேடினால் தவறில்லை.

ஏற்றுக்கொண்ட பிறகு சந்தேகம் வந்தால் நீங்களாக ரத்து செய்ய அவசரப்படாதீர்கள், ஹோஸ்ட் செய்யும் ரத்துக்குத் தளங்கள் அபராதம் போடும். சந்தேகத்தைத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுத்தில் கேளுங்கள். "பிறந்தநாளுக்கு 20 பேர் வருவார்கள்" என்று அவரே எழுதிவிட்டால், அதைக் காட்டி உதவி மையத்திடம் பேசுங்கள். விதியை மீறும் நோக்கத்துக்கு எழுத்து ஆதாரம் இருந்தால் பொதுவாக ஹோஸ்ட்டுக்குத் தண்டனை இருக்காது. போனில் பேசியது என்றால், "இப்போது நாம் பேசியபடி..." என்று தொடங்கி ஒரு வரி செய்தியில் போட்டுவிடுங்கள்.

படி 10: வந்த அன்றும் போன பிறகும்

ஒவ்வொரு தங்கலுக்கும் கதவைத் திறக்கும் ரகசிய எண்ணை மாற்றுங்கள். முடிந்தால் வரும் நேரத்தில் நீங்களோ உங்கள் ஆளோ இரண்டு நிமிடம் நேரில் இருங்கள். "வெந்நீர் குழாய் இப்படித் திரும்பும்" என்று காட்டும் அந்த இரண்டு நிமிடத்தில் எத்தனை பேர், எத்தனை வண்டி என்பது தானாகத் தெரிந்துவிடும். எண்ணிக்கை கூடியிருந்தால் அப்போதே சிரித்த முகத்தோடு சொல்லி, பதிவைத் திருத்தச் சொல்லுங்கள். இரவு 11 மணிக்குச் சொல்வதைவிட மாலை 4 மணிக்குச் சொல்வது சுலபம்.

அறைகளை விருந்தினர் வருவதற்கு முன்பும் போன பிறகும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏர்பிஎன்பியில் சேதத்துக்கான கோரிக்கையைச் செக்-அவுட் ஆன 14 நாளுக்குள் போட வேண்டும்.

கடைசியாக ரிவ்யூ. என் வீட்டுக்கு 17 பேரை அழைத்து வந்தவருக்கு அதற்கு முன் ஒரே ஒரு ரிவ்யூ இருந்தது. "இனிமையானவர், தொடர்புகொள்ள எளிது." அதை எழுதியவர் வீட்டிலும் ஏதோ நடந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். கோபம் தணிய மூன்று நாள் விட்டு நான் எழுதியது:

"2 பேருக்குப் பதிவு செய்தார். இரவு 11 மணிக்கு வீட்டில் 17 பேர் இருந்தார்கள். சொன்னதும் அரை மணி நேரத்தில் கலைந்தார்கள். ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்தது, அதற்கான தொகையைத் தகராறு இல்லாமல் கொடுத்தார். செய்திகளுக்கு உடனுக்குடன் பதில் தந்தார்."